கடையின் இணையதளத்தில் எல்லோராலும் வாங்க முடிகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணிக்கடை, பலகாரக்கடை, மருந்துக்கடை என்று சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவர்களும், அவர்களுக்குத் தளம் செய்து கொடுப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: மாற்றுத்திறனாளி ஒருவர் பக்கத்தில் யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் பொருளைத் தேடி, தேர்ந்தெடுத்து, பணம் கட்டி முடிக்க முடிகிறதா?

மாற்றுத்திறனாளிகளுக்கு என்று தனியாக இன்னொரு தளம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். அப்படிச் செய்தால் புதுச் சரக்கும் தள்ளுபடியும் முதல் தளத்தில் மட்டும் ஏறும், இரண்டாவது தளம் சீக்கிரமே பழசாகிவிடும். இருக்கிற தளத்தையே சரியாகக் கட்டினால் போதும். செய்ய வேண்டிய மாற்றங்களில் பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாது. உங்கள் வடிவமைப்பு அப்படியே இருக்கும்.

கண் தெரியாதவர்கள் எப்படி போனில் ஷாப்பிங் செய்வார்கள்?

ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் இரண்டும் போனோடு சேர்ந்தே வருகின்றன. கணினிக்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இருவர் 2006இல் தொடங்கிய என்விடிஏ இருக்கிறது, அது முற்றிலும் இலவசம். டாக்பேக்கில் விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போகும், அதன் பெயரைச் சொல்லும். இரண்டு முறை தட்டினால் திறக்கும்.

ஸ்கிரீன் ரீடர் வாசிப்பது உங்கள் பக்கத்தின் எச்டிஎம்எல்லை, அதாவது பக்கத்தைக் கட்டியிருக்கும் குறிமொழியை. அதில் பெயர் இல்லாத பட்டனை அது வெறுமனே "பட்டன்" என்றுதான் சொல்லும். ஒரு பக்கத்தில் நிறம் தேர்ந்தெடுக்க ஆறு வட்டங்கள் இருந்து எதற்கும் பெயர் இல்லையென்றால், "பட்டன், பட்டன், பட்டன்" என்று ஆறு முறை கேட்டுவிட்டு அந்த வாடிக்கையாளர் தளத்தை மூடிவிடுவார். உங்கள் போனின் செட்டிங்ஸில் டாக்பேக்கை ஆன் செய்து, திரையை அணைத்துவிட்டது போல் வைத்துக்கொண்டு, உங்கள் தளத்தில் ஒரு பொருளையாவது வாங்கிப் பாருங்கள். நான் எழுதும் எதையும்விட அது அதிகம் சொல்லிக் கொடுக்கும்.

எங்கள் வாடிக்கையாளர்களில் அப்படி யாரும் இல்லையே. இதெல்லாம் தேவையா?

இல்லை என்று எப்படித் தெரியும்? வாங்க முடியாமல் திரும்பிப் போனவர் உங்கள் கணக்கில் வரமாட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள், தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம். அந்தக் கணக்கெடுப்பு கேட்டது 8 வகைக் குறைபாடுகளை மட்டுமே. 2016இல் வந்த சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இதற்கு வெளியேயும் ஆட்கள் இருக்கிறார்கள். கண்புரை வந்த அப்பா, பார்கின்சனால் கை நடுங்கும் பாட்டி, கையில் மாவுக்கட்டு போட்டிருப்பவர், உச்சி வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று போன் பார்ப்பவர், எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இதே தடைகளில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

சட்டப்படி கட்டாயமா, இல்லை விருப்பம்தானா?

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 என்று ஒன்று இருக்கிறது. அதன் 46ஆவது பிரிவு, சேவை தருபவர் அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் அணுகல் விதிகளை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி சேவை இருக்க வேண்டும் என்ற விதிகளை, பின்பற்றச் சொல்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 முதல் 5 லட்சம் வரை (89ஆவது பிரிவு). தொழில்நுட்பத்துக்கு ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தரம் 2021இல் வந்தது, 2023இல் அது விதிகளிலும் சேர்க்கப்பட்டது.

அண்மைக் காலத்தில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. 2024 நவம்பரில், விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கே முரணானது, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் வந்தது அடுத்த தீர்ப்பு. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்கள் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னபோது சிமிட்ட முடியாததால் கே.ஒய்.சி. முடிக்க முடியாமல் போன வழக்கு அது. டிஜிட்டல் அணுகல் என்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. எனவே விருப்பம் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏ, ஏஏ, ஏஏஏ என்கிறார்களே, அது என்ன? எதைப் பிடிக்க வேண்டும்?

உலகம் முழுவதும் இதற்குப் பின்பற்றப்படும் வழிகாட்டியின் பெயர் டபிள்யூசிஏஜி. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிடுவது. 2.0 என்ற பதிப்பு 2008இல் வந்தது, 2.1 2018இல், 2.2 2023இல். அதில் மூன்று நிலைகள் இருக்கின்றன. 'ஏ' இல்லையென்றால் பலருக்குத் தளமே பயன்படாது. 'ஏஏ' என்பதுதான் சட்டங்களும் ஒப்பந்தங்களும் பெரும்பாலும் கேட்பது. 'ஏஏஏ' நிலையை முழுத் தளத்துக்கும் எட்டுவது எல்லா வகை உள்ளடக்கத்துக்கும் சாத்தியமில்லை என்று அந்த வழிகாட்டியே சொல்கிறது. நீங்கள் 2.1 அல்லது 2.2இன் ஏஏ நிலையை இலக்காக வையுங்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? முகப்புப் பக்கமா?

எல்லோரும் முகப்பில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் பணம் கட்டும் பக்கத்தில் ஆரம்பிக்கச் சொல்வேன். முகப்பில் ஒரு படத்துக்கு விவரம் இல்லையென்றால் எரிச்சல், அவ்வளவுதான். அரை மணி நேரம் தேடி, கார்ட்டில் போட்டு, கடைசியில் 'பின்கோடு' பெட்டி எது என்று தெரியாமல் நிற்பவருக்கு மொத்த உழைப்பும் போய்விடுகிறது. முகவரிப் படிவம், பணம் கட்டுதல், கார்ட், பொருள் பக்கம், தேடல், கடைசியாக முகப்பு என்று பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்.

படிவத்தில் முதலில் பார்க்க வேண்டியது லேபிள். பெட்டிக்குள் மங்கலாக 'பெயர்' என்று எழுதி வைப்பது லேபிள் ஆகாது, தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். பெட்டிக்கு மேலே வெளியே எழுதி, எச்டிஎம்எல்லில் அந்தப் பெட்டியோடு இணைக்க வேண்டும். தவறு வந்தால் பெட்டியைச் சிவப்பாக்குவதோடு நிறுத்தாமல், "பின்கோடு 6 இலக்கம் இருக்க வேண்டும்" என்று எழுத்தில் சொல்லுங்கள். "கார்ட்டில் சேர்க்கப்பட்டது" என்று இரண்டு நொடி வந்துபோகும் செய்தியும் ஸ்கிரீன் ரீடருக்குப் போய்ச் சேரும்படி டெவலப்பர் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் ஒரே பொருளை நான்கு முறை சேர்த்துவிடுவார்கள்.

படத்துக்கு விவரம் எழுதச் சொல்கிறீர்கள். எண்ணூறு சேலைக்கு என்ன எழுதுவது? பார்வை இல்லாதவருக்கு நிறம் எதற்கு?

அவர் அந்தச் சேலையை நான்கு பேர் பார்க்கும் இடத்துக்குக் கட்டிக்கொண்டு போகப் போகிறார். எந்த ரவிக்கை பொருந்தும், கல்யாணத்துக்கு எடுக்குமா என்பதெல்லாம் அவருக்கும் முக்கியம். பலர் பிறந்தபோது பார்வையோடு இருந்து பிறகு இழந்தவர்கள், நிறம் அவர்கள் நினைவில் இருக்கிறது. அதனால் நிறத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கடையில் உங்கள் விற்பனையாளர் சேலையை விரித்துக் காட்டும்போது வாயால் சொல்கிறாரே, அதை எழுதினால் போதும். "மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரம் பட்டு. அரக்கு நிறத்தில் அகலக் கரை, உடல் முழுக்கச் சிறு தங்கப் புட்டா, முந்தானையில் அன்னம்." ஸ்கிரீன் ரீடர் வாசிப்பதற்காகப் படத்தோடு எச்டிஎம்எல்லில் எழுதும் ஆல்ட் விவரத்தில் இந்த அளவு போதும். துணியின் எடை, ஜரிகை அசலா, ரவிக்கைத் துணி இருக்கிறதா என்பவை பொருள் விவரத்தில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும். இதில் பாதி உங்கள் சரக்குப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும். எண்ணூறையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டாம். இன்று முதல் ஏற்றும் புதுச் சரக்குக்கு விவரம் இல்லாமல் ஏற்றக்கூடாது என்று வையுங்கள், அதிகம் விற்கும் பழைய சரக்கை அடுத்துப் பிடியுங்கள்.

அப்புறம், வெறும் அலங்காரத்துக்குப் போட்ட பூ, கோடு போன்ற படங்களுக்கு ஆல்ட்டைக் காலியாக விடுங்கள். ஆனால் ஆல்ட் என்ற பண்பையே எச்டிஎம்எல்லிலிருந்து எடுத்துவிடக்கூடாது. எடுத்துவிட்டால் சில ஸ்கிரீன் ரீடர்கள் கோப்பின் பெயரை, எண்ணும் எழுத்துமாக, முழுக்க வாசிக்கும்.

ஆடித் தள்ளுபடி போஸ்டரை வாட்ஸ்அப்பில் போட்டது மாதிரி அப்படியே தளத்தில் போடலாமா?

போடலாம், அதில் உள்ள எழுத்தைப் பக்கத்திலும் எழுத்தாகப் போட்டால். போஸ்டருக்குள் இருக்கும் தேதி, சதவீதம், நிபந்தனை எல்லாம் ஸ்கிரீன் ரீடருக்கு வெறும் படம். பார்வை மங்கியவர் பெரிதாக்கினாலும் எழுத்து உடைந்து தெரியும். அளவு அட்டவணையையும் விலைப்பட்டியலையும் படமாக, அல்லது ஸ்கேன் செய்த பிடிஎஃபாகப் போடுவதும் இதே தவறு.

விலை விஷயத்தில் ஒன்று. பழைய விலையின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் புது விலை போடுகிறோம். பல ஸ்கிரீன் ரீடர்கள் அந்தக் கோட்டைச் சொல்வதில்லை. "1,850, 1,250" என்று இரண்டு எண் காதில் விழும், எதைக் கட்ட வேண்டும் என்று புரியாது. "முந்தைய விலை", "இப்போதைய விலை" என்ற சொற்களை, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தாவது, சேர்த்துவிடுங்கள்.

மஞ்சளும் சிவப்பும் எங்கள் கடையின் நிறம். அதையும் மாற்றச் சொல்வீர்களா?

நிறத்தை மாற்ற வேண்டாம், எங்கே எந்த அளவில் பயன்படுத்துகிறோம் என்பதைப் பாருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்க வேண்டும் என்பது ஏஏ நிலையின் விதி. பளிச்சென்ற மஞ்சளில் பளிச்சென்ற சிவப்பு சுமார் 3.7:1. அதாவது பெரிய தலைப்புக்குச் சரி, சின்ன எழுத்துக்குச் சரியில்லை. சிவப்பைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினால் அங்கும் தேறிவிடும்.

எல்லாத் தளத்திலும் இருக்கும் வாட்ஸ்அப் பச்சைப் பட்டனில் வெள்ளை எழுத்து ஏறத்தாழ 2:1தான். அதில் கறுப்பு எழுத்து போட்டால் 10:1க்கு மேல் போய்விடும். இன்னொன்று, நிறத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லாதீர்கள். பச்சைப் புள்ளி இருந்தால் ஸ்டாக் உண்டு, சிவப்பு என்றால் இல்லை என்று வைத்தால் நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் "இருப்பு இல்லை" என்று எழுதுங்கள்.

எங்கள் தளம் தமிழில் இருக்கிறது. ஸ்கிரீன் ரீடர் என்னவோ உளறுகிறதே?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் குறிக்கவில்லை. லாங் என்ற பண்பில் தமிழுக்கான 'டிஏ' குறி இருக்க வேண்டும். ஆங்கில வார்ப்புருவை வாங்கித் தமிழில் நிரப்பும்போது அது ஆங்கிலம் என்றே கிடந்துவிடும், ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்கப் பார்க்கும். ஒரே பக்கத்தில் ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் ஆங்கிலம் என்று குறிக்கலாம்.

இரண்டாவது காரணம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். அவற்றில் திரையில் 'அம்மா' என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், நிறுத்தற்குறிகள். ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். அச்சகத்தில் அடித்த விலைப்பட்டியலைப் பிடிஎஃபாக வாங்கிப் போடும் கடைகளில் இது நிறைய. எல்லாக் கருவிகளும் தமிழ் என்றே புரிந்துகொள்ளும் யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இருக்கின்றன, மாற்றியபின் ஒரு முறை படித்துத் திருத்துங்கள். கூகுள் தேடலிலும் அப்போதுதான் உங்கள் பொருள் வரும்.

காது கேளாதவருக்கு இணையதளத்தில் என்ன பிரச்சினை? அவர்தான் படிக்கலாமே?

வீடியோவுக்கு எழுத்து வசனம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். தானாக உருவாகும் வசனத்தை அப்படியே விடாமல் ஊர்ப் பெயர், பொருள் பெயர், விலையைத் திருத்துங்கள். ஆனால் பெரிய தடை வேறு இடத்தில் இருக்கிறது. "ஆர்டருக்கு அழைக்கவும்" என்று ஒரு போன் நம்பரை மட்டும் போட்டிருக்கும் தளம் அவருக்கு மூடிய கடை. அதைவிட மோசம், கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரை உறுதிசெய்யப் போன் செய்வது. எடுக்கவில்லை என்றால் ஆர்டரை ரத்து செய்துவிடுகிறார்கள். டெலிவரிக்கு வருபவரும் வாசலில் நின்று போன்தான் செய்கிறார்.

முகவரிப் படிவத்தில் "அழைக்க வேண்டாம், மெசேஜ் அனுப்பவும்" என்று ஒரு டிக் பெட்டி வையுங்கள். அது பார்சல் லேபிளிலும் அச்சாக வேண்டும். புகார், ரீஃபண்ட் எல்லாவற்றுக்கும் மெசேஜ் அல்லது மின்னஞ்சல் வழி இருக்கட்டும். திக்கிப் பேசுபவருக்கும், பேச்சு வராதவருக்கும் இதே வழிதான் உதவும்.

மவுஸ் பிடிக்க முடியாதவர், கை நடுங்குபவர் என்றால்?

கணினியில் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப், என்டர், அம்புக்குறி விசைகளால் மட்டும் வாங்கிப் பாருங்கள். இப்போது எதன் மேல் இருக்கிறோம் என்று காட்டும் கட்டம் தெரிய வேண்டும். அழகாக இல்லை என்று, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் அந்தக் கட்டத்தை எடுத்துவிடும் வழக்கம் டிசைனர்களிடம் இருக்கிறது. எடுத்தால் விசைப்பலகையை நம்பியிருப்பவர் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் தவிப்பார். திறந்த பாப்அப்பை எஸ்கேப் விசையால் மூட முடிய வேண்டும்.

போனில், தட்டும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் என்கிறது 2.2 பதிப்பு. நான் 44 வைக்கச் சொல்வேன், ஏனென்றால் நடுங்கும் விரலுக்கு 24 போதாது. இரண்டு விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் வரி தளத்தில் இருந்தால் உடனே நீக்குங்கள். தானாக ஓடும் பேனருக்கு நிறுத்தும் பட்டன் வேண்டும்.

ஒரு வரி கோட் ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் விற்க வந்தார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். பக்கத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலி சின்னம் வருமே, அந்த வகை. பார்வை இல்லாதவர் தன் போனில் தனக்கு ஏற்ற குரல், வேகம், எழுத்தளவு எல்லாம் ஏற்கெனவே வைத்திருக்கிறார். இந்தக் கருவி அதன் மேல் ஏறி உட்கார்ந்து குழப்பத்தான் செய்கிறது. முந்தானையில் அன்னம் இருப்பது அதற்குத் தெரியாது, அழைக்க வேண்டாம் என்ற டிக் பெட்டியை அது வைக்காது. எந்தத் தளத்தையும் தன் கருவி தரத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை, அது பொய் என்று சொல்லி, 10 லட்சம் டாலர் கட்டவைத்தது அமெரிக்க வணிக ஆணையம். இது 2025இல் நடந்தது.

லைட்ஹவுஸில் 100 மதிப்பெண் வந்துவிட்டது. வேலை முடிந்ததா?

நல்லது, ஆனால் முடியவில்லை. லைட்ஹவுஸ், வேவ், ஆக்ஸ் போன்ற தானியங்கிச் சோதனைக் கருவிகள் ஆல்ட் விவரம் இருக்கிறதா என்று பார்க்கும், அது சரியாக இருக்கிறதா என்று பார்க்காது. எல்லாச் சேலைக்கும் "சேலை" என்று எழுதியிருந்தாலும் 100 கிடைக்கும்.

ஆனாலும் கருவியை ஓட்டாமல் விடாதீர்கள். வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025இல் 94.8 சதவீதப் பக்கங்களில் தவறு இருந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆறே வகை: மங்கலான எழுத்து, படத்துக்கு விவரம் இல்லாதது, படிவத்துக்கு லேபிள் இல்லாதது, பெயரில்லாத இணைப்பு, பெயரில்லாத பட்டன், மொழி குறிக்காதது. இந்த ஆறையும் கருவியே கண்டுபிடித்துத் தரும். அதற்குப் பிறகு, தினமும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் ஒருவரை அழைத்து வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அது அவர் தரும் நிபுணத்துவம், கட்டாயம் கூலி கொடுங்கள்.

பேமென்ட் பக்கம் எங்கள் கையில் இல்லையே. அது வேறு கம்பெனியுடையது.

உண்மைதான், ஆனால் எந்தக் கம்பெனி என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். ஒப்பந்தத்துக்கு முன் அவர்களுடைய மாதிரிப் பக்கத்தை டாக்பேக்கில் ஓட்டிப் பாருங்கள், அணுகல் அறிக்கை கேளுங்கள். க்யூஆர் கோடை மட்டும் காட்டிப் பணம் கேட்டால் போனில் பார்ப்பவரே திணறுவார். யூபிஐ செயலியை நேராகத் திறக்கும் பட்டனும், எழுத்தாக யூபிஐ ஐடியும் வேண்டும்.

நேரக் கெடுவையும் பாருங்கள். வேறு செயலிக்குப் போய் ஓடிபியைக் கேட்டு, நினைவில் வைத்து, திரும்பி வந்து தட்ட ஸ்கிரீன் ரீடரில் கூடுதல் நேரம் பிடிக்கும். ஓடிபியையும் கடவுச்சொல்லையும் பேஸ்ட் செய்ய விடுங்கள். நேரம் முடிந்தால் நிரப்பியதையெல்லாம் அழித்துவிடாமல், மீண்டும் ஓடிபி அனுப்பினால் போதும். வளைந்த எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் கேப்ட்சா இருந்தால், உங்கள் பக்கத்திலாவது அதை எடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டுக்கும் அனுப்புகிறோம். அங்கே சட்டம் வேறா?

வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் இணைய விற்பனைக்கும் பொருந்துகிறது. 10 பேருக்குக் குறைவான ஊழியர்களும் 20 லட்சம் யூரோவுக்கு மிகாத ஆண்டு விற்றுமுதலும் உள்ள சேவை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் தனியார் கடைகள் மீது வழக்குகள் வருகின்றன. ஸ்கிரீன் ரீடரில் பீட்சா ஆர்டர் செய்ய முடியாத பார்வையற்ற ஒருவர் டோமினோஸ் மீது போட்ட வழக்கில், இணையதளத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அங்கே நிறைய விற்பவர் என்றால் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். தொழில்நுட்ப வேலை எல்லா நாட்டுக்கும் ஒன்றேதான், மேலே சொன்ன ஏஏ.

செலவு எவ்வளவு ஆகும்? டெவலப்பரிடம் என்ன சொல்லி வாங்குவது?

புதுத் தளம் என்றால் ஆரம்பத்திலேயே கேட்டுவிட்டால் கூடுதல் செலவு மிகக் குறைவு. ஏற்கெனவே கட்டிய தளம் என்றால் வார்ப்புருவைப் பொறுத்தது. பல கடைகள் ஆயத்தத் தீமில் ஓடுகின்றன, அங்கே தீமை மாற்றுவதே பாதி வேலையை முடித்துவிடும்.

ஒப்பந்தத்தில் "அணுகல்தன்மை இருக்கும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். "டபிள்யூசிஏஜி 2.2 ஏஏ நிலை, டாக்பேக்கிலும் என்விடிஏவிலும் விசைப்பலகையால் மட்டும் என மூன்று வழியிலும் ஒரு பொருளை வாங்கி முடித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகே கடைசித் தவணை" என்று எழுதுங்கள். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குப் பிறகும் அதே மூன்று வழிச் சோதனை மீண்டும் நடக்கட்டும். தீபாவளி பேனரை அவசரமாக ஏற்றும்போதுதான் பல தளங்கள் உடைகின்றன.

"உங்கள் தளத்தில் என்னால் வாங்க முடியவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என்ன பதில் போடுவது?

முதலில் அவர் வாங்க வந்ததை மெசேஜ் வழியாகவே வாங்கிக்கொள்ள உதவுங்கள், தளத்தில் இருக்கும் அதே விலைக்கு, அதே தள்ளுபடியோடு. எந்த போன், எந்த ஸ்கிரீன் ரீடர், எந்த இடத்தில் நின்றது என்று கேளுங்கள். "எங்களுக்கு நன்றாகத்தான் வேலை செய்கிறது" என்று எழுதாதீர்கள். அது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

எப்போது சரியாகும் என்று ஒரு தேதி சொல்லுங்கள். சரி செய்ததும் அவருக்கு எழுதி, மறுபடி பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பார்த்துச் சொன்னால், லைட்ஹவுஸ் கேள்வியில் சொன்னதுபோல், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு.